சக்திமான் காண்போர் மெய்ப்பாடு: இராயபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்தோர் பலர். தொடரைப் பார்த்தவன் வாயைப் பிளந்தானா, பல்லைக் கடித்தானா, பக்கத்தில் இருந்தவன் மண்டையில் குட்டினானா என்று ஆராய்ந்தவர் இலர். இப்பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வின் எல்லை தெற்கே இராயபுரம் கல்மண்டபம், வடக்கே எண்ணூர், கிழக்கே கடல், மேற்கே கூட்ஸ் வண்டி. காலம், 1997 செப்டம்பர் 13 அன்று தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ என்ற சூப்பர் ஹீரோ தொடர் தொடங்கியது முதல், வீட்டுக்கு வீடு கேபிள் வந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டி முன் சிதறிப்போனது வரை. தொடர் வேறு கிழமைகளிலும் வந்ததுண்டு. எனினும் வட்டாரத்தின் நினைவில் நிலைத்தது ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணி, மீன் குழம்பு கொதிக்கும் நேரம். ஆகவே அதுவே இவ்வாய்வின் முதன்மைத் தரவு.

கோட்பாட்டுக்கு மேல்நாடு போகவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன் வகுத்து, ஆக 32 என்று கணக்கை முடித்துவைத்திருக்கிறார். ஒரு டயனோரா பெட்டி முன் தெருப் பிள்ளைகள் மொத்தமும் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த 32 போதும், மிச்சமும் இருக்கும்.

அச்சத்திலிருந்து தொடங்கலாம். அது பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்குக்குத் தொடரின் வில்லன் தம்ராஜ் கில்விஷ் இருக்கிறான், ஐயமில்லை. விலங்கு, மொட்டை மாடி ஆண்டெனாவில் வந்து உட்காரும் காகம். காகம் பறவையாயிற்றே எனின், அது உட்கார்ந்ததும் சக்திமானுக்கு மூன்று தலை முளைத்ததைக் கண்டவர் அவ்வாறு வினவார் என்க. கள்வர், ‘தண்ணி குட்சிட்டு வரேன், என் எடத்தப் பாத்துக்கடா’ என்று சொல்லிப் போனவனின் இடத்தில் குந்திக்கொண்டவன். இறை என்பது அரசன். இவ்வட்டாரத்தில் அது, துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, அதே அறையில் கைலியை முகத்துக்கு இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கும் நைனா. நால்வகை அச்சத்துள்ளும் தலையாயது இதுவே. கில்விஷ் எவ்வளவு உரக்கச் சிரித்தாலும் பெட்டியில் சவுண்டு கொசு ரீங்காரத்தைத் தாண்டாமல் இருந்ததற்குக் காரணமும் இதுவே.

மருட்கை, அதாவது வியப்பு, வயதுக்கு வயது மாறுபட்டது. எத்துப்பல்லும் கண்ணாடியுமாக ‘ஆஜ் கி ஆவாஸ்’ பத்திரிகையில் வேலை பார்க்கும் கங்காதர் ஒரு சுற்றுச் சுற்றிச் சக்திமான் ஆவதைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள். ஆயா வியந்தது வேறு ஒன்றுக்கு. இதே தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை 94 பகுதிகளாக வந்த ‘மகாபாரத்’தை ஒரு பகுதி விடாமல் பார்த்தவர் அவர். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாதான் அதில் பீஷ்மர். ஆகவே சக்திமான் திரையில் தோன்றியதும், நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஆயா ஒரு கும்பிடு போட்டார். பிறகுதான் கேட்டார்: ‘இன்னாடா இது, பீஷ்மரு இந்த வயசுல பம்பரமாட்டம் சுத்துறாரு?’

சிக்கல் அதற்குப் பின் வந்தது. கில்விஷாக நடித்த சுரேந்திர பால் அதே மகாபாரதத்தில் துரோணர். முகத்தில் எவ்வளவு சாயம் பூசினாலும் ஆயாவின் கண்ணுக்கு இது தப்பவில்லை. பீஷ்மரும் துரோணரும் கௌரவர் பக்கம் ஒன்றாக நின்றவர்கள். ஒருவர் அம்புப் படுக்கையில் சாய்ந்த பின் மற்றவர் சேனாதிபதி ஆனார். அப்படிப்பட்டவர்கள் எப்போது அடித்துக்கொண்டார்கள்? பிள்ளைகளிடம் விடை இல்லை. வியாசரிடமும் இல்லை. ஒரு தேர்தலில் ஒரே மேடையில் கைகோத்து நின்றவர்கள் அடுத்த தேர்தலில் எதிரெதிரே மைக் பிடிப்பதை நிறையப் பார்த்தவர் என்பதால், ‘சீட்டுப் பிரிக்கிறதுல தகராறு வந்திருக்கும்’ என்று ஆயாவே விடையும் கண்டார். இம்முடிவை மறுக்கும் சான்று தொடரில் எங்கும் கிடைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சுழற்சியும் அவருக்குப் புதிதன்று. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேடம் திரையை விலக்கிக்கொண்டு வந்து சுழன்று ஆடுவது வழக்கம். துரியோதனன் சுற்றாத சுற்றா? பம்பாயில் கண்டுபிடித்த வித்தை என்று பிள்ளைகள் நம்பியதை ஆயா கூத்தாகவே பார்த்தார். அதே போல, கங்காதரும் சக்திமானும் ஒருவரே என்பது உடன் வேலை பார்க்கும் கீதா விஸ்வாஸுக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வியும் எழவில்லை. கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டால் எம்.ஜி.ஆரையே எதிரில் நிற்கும் வில்லனுக்கு அடையாளம் தெரியாது. இவர் கண்ணாடி வேறு போட்டிருக்கிறார். ஆய்வாளர் துணிபு யாதெனின், பம்பாயிலிருந்து வந்தது ஒரு தொடர், இராயபுரத்தில் ஓடியது இன்னொன்று.

இனி மொழி. தொடர் இந்தியில் வந்தது. 1965இல் இந்திக்கு எதிராகத் தெருவில் இறங்கிய தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஞாயிறுதோறும் ஓர் இந்தித் தொடர் முன் கட்டுண்டு கிடந்தது வரலாற்று முரண் என்பாரும் உளர். அற்றன்று. ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லையாதலின் கொள்கைக்கு இழுக்கு நேரவில்லை.

ஆனால் உரையாசிரியர் தேவைப்பட்டார். இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக் பரீட்சை எழுதிய மாடி வீட்டு அண்ணன் அப்பொறுப்பை ஏற்றார். (எழுதினார் என்பதற்குச் சான்று உண்டு. தேறினார் என்பதற்கு இல்லை.) பத்துப்பாட்டுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பல அடி தாண்டித் தூக்கிக்கொண்டு போய் இன்னொன்றோடு மாட்டுவார் என்று தமிழாசிரியர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அண்ணன் அவரையும் விஞ்சினார். கீதா விஸ்வாஸ் கவலையாக நின்றால், ‘அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலியாம்’ என்பார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வில்லனான டாக்டர் ஜெய்க்கால் ஆய்வுக்கூடத்தில் நின்று கத்தினால், ‘அதான், அந்த டாக்டரு மருந்து குடுக்க மாட்டேன்றான்’ என்று முன்னதோடு மாட்டுவார். கதை எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள்! ‘சும்மா வாய மூடிக்கினு பாருங்கடா’ என்ற எதிர்ப்பள்ளி ஒன்றும் இருந்தது. அதற்கு ஆள் சேரவில்லை.

வெகுளிக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை. அவர் காலத்தில் கரண்ட் இல்லை. ஆகவே போகவும் இல்லை. தொடர் ஓடிய காலத்திலோ வட்டாரத்தின் வடகோடியில் எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட், அதற்கும் அப்பால் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட், ஆக 1,080. திருவொற்றியூர் மொட்டை மாடியில் ஏறினால் புகைபோக்கி தெரியும். காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியிலும் தெரியும். இத்தனையும் இருக்க, இருளே நிலைக்கட்டும் என்று கில்விஷ் முழங்குகிற அதே நொடியில் கரண்ட் போகும். படம் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி, கொஞ்ச நேரம் நின்று, அதுவும் அணையும். தெரு முழுக்க ஒரே மூச்சில் ‘ஓ’ என்று கிளம்பும். ஃபேன் நின்றதால் நைனா எழுந்து உட்காருவார். டிரான்ஸ்பார்மரா, உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பியா, முன்சொன்ன காகமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கில்விஷுக்கு ஏரியாவில் ஆள் இருக்கிறது என்று ஒரு சாரார் உறுதியாக நம்பினர்.

உவகையின் நிலைக்களன்களுள் ஒன்று விளையாட்டு. தொடர் முடிந்த கையோடு பிள்ளைகள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சந்தில் சுற்றுவார்கள். சாப்பாட்டுக்கு முன் சுற்றியோர் கீழே விழுந்தனர். சாப்பாட்டுக்குப் பின் சுற்றியோர் பற்றி, குழம்பு வைத்தவர் மனம் புண்படும் என்பதால் எழுதவில்லை. கடைசியில் வரும் அறிவுரைப் பகுதியில் தப்புச் செய்த பிள்ளை ‘சாரி, சக்திமான்’ என்று சொல்லும். மொத்தத் தொடரிலும் உரையின்றி விளங்கிய வாக்கியம் அது ஒன்றே. குடத்தை உடைத்துவிட்டு அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தவர்கள், சக்திமான் அளவுக்கு அம்மாக்களுக்குப் பொறுமை இல்லை என்று தெரிவிக்கின்றனர்.

ஒன்றை மட்டும் கேலி செய்ய முடியாது. சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதமான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, அப்படிச் செய்யாதீர்கள் என்று சொன்னார். அதுவும் இந்தியில்தான். அண்ணன் அதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது தூர்தர்ஷன் தொடரை மறுபடி ஒளிபரப்பியது. பழைய பார்வையாளர்கள் இப்போது தாங்களே நைனாக்கள். தம் பிள்ளைகளை இழுத்து உட்காரவைத்துக் காட்டினர். ‘இன்னாப்பா இது, கிராஃபிக்ஸ் படு மொக்கையா கீது’ என்றன பிள்ளைகள். அப்போது பெற்றோர் முகத்தில் தோன்றியது இளிவரல், அதாவது இழிவுணர்ச்சி. அதன் நிலைக்களன்களுள் முதலாவது மூப்பு என்று தொல்காப்பியர் எழுதிவைத்திருக்கிறார். மனிதர் எதையும் விடவில்லை. அதே நாட்களில் இன்னொரு தூர்தர்ஷன் சேனலில் ‘மகாபாரத்’தும் ஓடியது. ரிமோட்டைத் தட்டத் தட்ட, துரோணரும் பீஷ்மரும் அங்கே கூட்டணி, இங்கே எதிரணி.

எஞ்சிய ஐயம் ஒன்றுண்டு. கரண்ட் போன அந்த ஞாயிறுகளில் கில்விஷ் என்ன ஆனான் என்பதற்குத் தரவு போதவில்லை. தண்டையார்பேட்டையிலோ காலடிப்பேட்டையிலோ எர்ணாவூரிலோ யார் தெருவிலாவது அன்று கரண்ட் இருந்திருந்தால், பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். மாடி வீட்டு அண்ணன் சொன்ன முடிவு கைவசம் இருக்கிறது, அது வேண்டாம்.