ஏர்தான்

முதலில் பைப்பை ஸ்பேனரால் மூன்று தட்டு. அப்புறம் எங்கள் பிளம்பர் அண்ணன் காதை ஒட்ட வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் இருக்கிற எல்லோரும் மூச்சை அடக்க வேண்டும். கோழி கொக்கரித்தால்கூட ஒரு கண்ணைத் திறந்து முறைப்பார். பிறகு நிமிர்ந்து, பிரசவ அறையிலிருந்து சேதி கொண்டுவந்தவர் மாதிரி அறிவிப்பார்: “தம்பி, ஏர்தான்.”

தண்ணீர் வரவில்லையா, ஏர்தான். வருகிறது, ஆனால் ஊளையிடுகிறதா, ஏர்தான். குழாயை மூடினால் சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கிறார்களா, அதுவும் ஏர்தான். உலகமே ஏருக்குப் பின்னால்தான் போகிறது என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொன்னார். எங்கள் நிக்கோபார்த் தீவான கட்சாலில் உழுவதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் தென்னையும் ரப்பரும். இருந்தாலும் இவர் வீடு வீடாகப் போய் வள்ளுவரை நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

தொழிலில் இவர் பிளம்பர் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மரத்தைக் கீறினால் பால் வரும். அதே உரிமையோடு குழாயில் வாயை வைக்கிறார். ஆமாம், வாயைத்தான். நோய் என்ன என்று சொல்லிவிட்ட பிறகு இவரிடம் இருக்கிற ஒரே வைத்தியம் உறிஞ்சுவது.

அதைச் சும்மா செய்துவிட மாட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். குழாயின் வாயைத் துண்டால் ஒருமுறை துடைப்பார். அந்தத் துண்டு எதையெல்லாம் துடைத்தது என்று யாரும் கேட்கக் கூடாது. “எல்லாக் குழாயையும் மூடு, இத மட்டும் திற” என்று உத்தரவு. பிறகு குந்தி உட்கார்ந்து, சங்கு ஊதுகிறவர் தலைகீழாக ஊதினால் எப்படியோ அப்படி ஓர் இழுப்பு. கன்னம் இரண்டும் குழி விழும். கண் பிதுங்கும். கழுத்து நரம்பு மண்புழு மாதிரி நெளியும். வாசலில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். “ஒண்ணு” என்று எண்ணுவான் ஒரு பயல். “மூணாவதுல வரும் பாருங்க” என்பான் இன்னொருவன், அனுபவஸ்தன்.

மூணாவதில் வரும். முதலில் குழாய்க்குள் ‘கொளக்’ என்று ஒரு சத்தம், பிறகு ‘புர்ர்ர்’, பிறகு கால் வாளி செம்பட்டைத் தண்ணீர் நேராக அவர் தொண்டைக்குள். சாதாரண மனிதன் என்றால் துப்புவான். இவர் சப்புக்கொட்டி யோசிப்பார். “தொட்டியில பாசி புடிச்சிருக்கு. கழுவி ஒரு மாசம் இருக்குமே தங்கச்சி?” என்பார் என் மனைவியிடம், நாலு பேர் முன்னால். அவள் அன்று முழுவதும் என்னோடு பேசமாட்டாள். போன தடவை, “உள்ள பல்லி ஒண்ணு கெடக்கும், பாரு” என்றார். ஏறிப் பார்த்தேன். கிடந்தது. பதிலுக்குக் காசு வாங்கமாட்டார். ஒரு தேத்தண்ணி போதும். சீனி மட்டும் மூணு கரண்டி.

பல நேரங்களில் அவர் சொல்வது சரி என்பதுதான் எரிச்சலே. எங்கள் தொட்டி பத்தடி ஸ்டாண்டில் நிற்கிறது. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். பத்தடிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சொற்பப் பலத்தோடு இறங்கிவரும் தண்ணீர் அடுக்களைக் கதவு நிலைக்கு மேலே ஒருமுறை ஏறி இறங்குகிறது, குளியலறைக் கதவுக்கு மேலே இன்னொருமுறை. பைப் போட்டவர் ஒட்டகத்தைப் பார்த்துத் தொழில் கற்றவர். தொட்டி ஒருமுறை வற்றினால் பைப்புக்குள் காற்று புகும். மறுபடி தண்ணீர் வரும்போது அந்தக் காற்று ஒவ்வொரு திமிலிலும் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கீழே தள்ளுகிற சக்தி பத்தடித் தொட்டிக்கு இல்லை. ஆகவே ஏர்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திமிலை அறுத்துப் பைப்பைச் சரிவாகப் போடலாமே? அல்லது மேட்டில் ஒரு டீ ஜாயிண்ட் வைத்து, அதில் சின்னதாக ஒரு காக் மாட்டினால், திறந்தவுடன் காற்று தானே சீறிக்கொண்டு போய்விடுமே? கேட்டேன்.

“போயிரும்” என்றார்.

“அப்ப அதைச் செஞ்சுரலாமா அண்ணே?”

“செய்யலாம்.” ஸ்பேனரைத் துண்டில் சுற்றினார். “அப்புறம் நான் எதுக்கு?”

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னேன்.

அவருக்குக் குழாய்மேல் இருக்கிற கோபம் தலைமுறைக் கோபம். எங்கள் பெரியவர்கள் 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கிளம்பி, எழுபதுகளில் இங்கே ரப்பருக்கு வந்து சேர்ந்தவர்கள். அங்கே அவர்களுக்குப் பீலிதான். மலையிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு மூங்கிலிலோ தகரத்திலோ ஏந்திவிட்டால் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். திருகும் கிடையாது, மூடியும் கிடையாது. “பீலிக்கு ஏர் புடிச்சு நீ பாத்திருக்கியா?” என்பார். பீலியை இவரும் பார்த்ததில்லை. இவருடைய அப்பா சொன்னதுதான்.

சாமான் கிடைக்காத ஊர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊளையிடுகிற குழாயில் ஏர் கிடையாது. ஸ்பிண்டிலுக்கு அடியில் தேய்ந்துபோன வாஷர் தண்ணீர் வேகத்தில் படபடப்பதுதான் அந்த ஊளை. ரப்பர் விளைகிற தீவில் ஒரு ரப்பர் வாஷர் வேண்டுமென்றால் 400 கிலோமீட்டருக்கு அப்பால் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வரவேண்டும். (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது, வாஷர் இரண்டு பெயருக்கும் ஒரே தாமதத்தில்தான் வருகிறது.) புத்தாயிரத்தின் முதல் வெயில் 2000 ஜனவரி 1 அன்று கட்சாலில்தான் விழும் என்று உலகமே ஒருகாலத்தில் பேசிற்று. அதற்காக வந்த ஒருவராவது ஒரு பொட்டலம் வாஷர் கொண்டுவந்திருக்கலாம். இவர் சைக்கிள் டியூபை வெட்டி வட்டமாக்கிப் போடுவார். அது பத்து நாள் ஊமையாக இருந்துவிட்டு, பதினோராம் நாள் புதுச் சுருதியில் பாடும்.

சம்மட்டி அடிக்கும் ஏருக்கும் சம்பந்தமில்லை. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது போய் முட்டுகிறது. மாஸ்கோவில் குடிநீர்க் குழாய்கள் இப்படித்தான் வெடித்தன. 1897-இல் ஜுக்கோவ்ஸ்கி என்பவர் அதைச் சோதித்துக் கணக்கே போட்டுவிட்டார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரை இரும்புக் குழாயில் படாரென்று நிறுத்தினால் பத்து கிலோவுக்கு மேல் அழுத்தம் எகிறும். இதை நான் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். “அந்த ரஷ்யாக்காரரு வாய் வச்சுப் பாத்தாரா?” என்றார்.

இதுவரை சிரித்துவிடலாம். போன மாசியில் நடந்ததற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மெயின் லைனில் தண்ணீர் விட்டார்கள். தொட்டி நிறைகிற நேரத்தில் ஃப்ளோட் வால்வு மூடவும் திறக்கவுமாக நடுங்கும். கிளாம்ப் கழன்ற பைப் அதோடு சேர்ந்து தகரச் சுவரில் அடித்தது. கடகடகட என்று வீடே உதறுகிற சத்தம். பக்கத்து வீட்டு அக்கா பேரப்பிள்ளைகள் இரண்டையும் வாரிக்கொண்டு இருட்டில் மேட்டுப் பாதையில் ஓடிவிட்டார். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் இந்தத் தீவு ஆயிரக்கணக்கானவர்களை இழந்தது. அன்றைக்கும் முதலில் தகரம்தான் ஆடியது. அக்காவை விடிகிறவரை திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

காலையில் இவர் வந்தார். தட்டினார், காதை வைத்தார். “ஏர்தான் தங்கச்சி, இதுக்கா ஓடினே?” என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். 2004-இல் அவரும் ஓடியவர்தான். இரண்டு ஆணி, ஒரு கிளாம்ப், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாமல் உறிஞ்சிவிட்டு, சீனி போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கே தெரிந்த மேதை ஒரு கிளாம்பை அடிக்க மாட்டேன் என்றால் அதற்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது. சோம்பேறித்தனம்தான்.

நானே பழைய தகரத்தை வளைத்து ஆணி அடித்தேன். சத்தம் நின்றது. மறுநாள் வந்து காதை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் கேட்டார்.

“பாத்தியா தம்பி, ஏர் போயிருச்சு.”

டீ ஜாயிண்டுக்கும் காக்குக்கும் கப்பலில் போகிற ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை. நேற்றிலிருந்து அடுக்களைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாளை காலை வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். தொட்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.