முப்பது மில்லி மனுசன்

நீ சொல்றது நெம்பச் சரி கண்ணு. அழியறது அழிஞ்சு போகட்டும், அதுதான் இயற்கை. டைனோசர் போனப்ப ஆரு ஒப்பாரி வெச்சாங்க? பாறுக் கழுகு போனா மட்டும் எதுக்கு இந்த வனத்துறைக்காரங்க ஊரு ஊரா வந்து பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தணும்? டீயும் வடையும் குடுக்கறாங்கன்னு நானும் போயி உக்காந்து கேட்டேன். பெங்களூருல ஏசி ரூம்புக்குள்ள நீ கண்டுபிடிச்ச இந்த ஞாயத்தை அங்க ஒருத்தனும் சொல்லலை. படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். டைனோசர் மேல ஆகாசத்துல இருந்து கல்லு விழுந்துச்சுங்கறாங்க, சரி. பாறு மேல விழுந்த கல்லு மெடிக்கல் கடையில வித்துச்சே, அதையும் இயற்கைக் கணக்குலயே எழுதிக்கலாமா?

கல்லோட பேரு டைக்ளோஃபினாக். பயந்துக்காதே, விசமில்லை. முழங்கால் பிடிச்சுக்கிட்டா டாக்டர் எனக்கு எழுதிக் குடுக்கறதும் அதேதான். மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம், கால் நொண்டல்னா அதையே ஊசியாப் போட்டாங்க. 1990கள்ல விலை சல்லிசாச்சு, நாடு பூராப் பரவிருச்சு. மாடு எந்திரிச்சு நின்னா சந்தோசம். எந்திரிக்காமச் செத்துப் போச்சுன்னா ஊருக்கு அக்கட்டால இழுத்துப் போட்டோம், பாறு வந்து தின்னுட்டுப் போச்சு. மாட்டு வவுத்துக்கு ஒத்துக்கிட்ட மருந்து பாறுக்கு ஒத்துக்கலை. ரெண்டு மூணு நாள்ல அதோட சிறுநீரகம் செத்துரும். வெளிய போக வேண்டிய உப்பு உள்ளயே தங்கி, ஈரல் மேலயும் இருதயத்து மேலயும் வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிரும். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிளையிலயே உக்காந்திருக்கும், பொறவு பொத்துனு விழுந்துரும்.

ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்துல 1980கள் கடைசியில முன்னூறு கூட்டுக்கு மேல எண்ணியிருக்காங்க. 2003 வாக்குல ஒத்தக் கூடு இல்லை. வெண்முதுகுப் பாறுன்னு ஒரு சாதி. 1992ல ஆயிரம் பறந்த எடத்துல 2007ல மிஞ்சினது ஒண்ணோ ரெண்டோதான். ஏன் சாகுதுன்னு தெரியாம ஆளாளுக்கு ஒரு பழமை பேசினாங்க. ஏதோ சீக்குன்னான் ஒருத்தன், பூச்சிமருந்துன்னான் இன்னொருத்தன். கடைசியில 2004ல லிண்ட்சே ஓக்ஸ்ங்கற அமெரிக்க கால்நடை டாக்டரும் அவரோட ஆளுங்களும் பாகிஸ்தான்ல செத்த கழுகை அறுத்துப் பாத்து இந்த ஊசியைக் கையும் களவுமாப் புடிச்சாங்க. இதுல வெசனம் என்னன்னா, எல்லா மாட்டுலயும் மருந்து இருக்கணும்னு அவசியமில்லை. நூறு செத்த மாட்டுல ஒண்ணுல இருந்தாலே இந்தக் கூட்டம் அத்துப் போயிரும்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஒரு மாட்டுல நூறு பாறு ஒட்டுக்கா உக்காந்தா என்ன ஆகும், நீயே சொல்லு.

சரி, செத்தது செத்துப் போச்சு. நமக்கென்ன நட்டம்னு கேப்பே. அந்த ரோசனை எனக்குப் புடிச்சிருக்குது. நாம ஏவாரி வம்சம், லாப நட்டம் பாக்காம எதையும் காப்பாத்தக் கூடாது.

ஒரு மாட்டைப் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பாக்கிரும். அது வவுத்துல இருக்கற புளிப்புக்கு அடைப்பான் கிருமியே கரைஞ்சு போகும்னா பாத்துக்க. உசிரோட இருக்கற கோழிக்குஞ்சைக் கூடத் தொடாது. கூலி கேக்காது, தீவாளிக்குப் போனஸ் கேக்காது. நம்ம ஊர்ல இப்படி ஒரு வேலையாளு கிடைச்சா உங்கப்பன் கால்ல விழுந்து கூட்டிக்கிட்டு வருவான். இது போனதுக்கப்பறம் அந்தச் சோலியை ஆரு பாத்தான்னு நினைக்கறே? நாயி பாத்துச்சு. பாறுக்கு வருசத்துக்கு ஒரே முட்டை. நாய்க்கு அந்த மாதிரி குடும்பக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. செத்த மாட்டைத் தின்னு கொழுத்துச்சு, குட்டி போட்டுச்சு, அதுல மசை புடிச்சது நம்ம புள்ளைகளைக் கடிச்சுச்சு. அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசி உனக்குத் தெரியாது, உங்கொப்பனைக் கேளு.

2024ல ரெண்டு பொருளாதாரக்காரங்க, ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன்னு பேரு, கழுகு நெறைய இருந்த ஜில்லாவையும் எப்பவுமே இல்லாத ஜில்லாவையும் பக்கத்துல வெச்சுச் சாவுக் கணக்குப் பாத்தாங்க. கழுகு போனதால 2000த்துக்கும் 2005க்கும் நடுவுல கூடுதலாச் செத்தவங்க சுமார் 5 லட்சம் பேருன்னு எழுதினாங்க. மசநாய்க் கடி, செத்ததெல்லாம் அழுகி தண்ணியில கலந்து வந்த சீக்கு, எல்லாம் சேத்து. நல்லாக் கேட்டுக்க கண்ணு, 5 லட்சம் கழுகு இல்லை. மனுசன். இயற்கையோட சட்டம் எவ்வளவு ஞாயமா நடக்குது பாத்தியா? அழியறது அழியட்டும்னு சொன்னா, எந்த வரிசையில நிக்கறோம்னு கொஞ்சம் திரும்பிப் பாத்துட்டுச் சொல்லணும்.

பம்பாயில பார்சிக்காரங்க இருக்காங்க. பொணத்தை எரிக்கறதுமில்லை புதைக்கறதுமில்லை, கல்லுக் கோபுரத்து மேல கழுகுக்கு வெப்பாங்க. கடைசித் தானம்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. கழுகு வரலைன்னதும் வெயிலைக் குவிக்கற கண்ணாடி வெச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்காங்க. எனக்கும் செத்தா பாறுக்குப் போயிரலாம்னு ஒரு ஆசை உண்டு. என்ன பண்றது, முழங்காலுக்கு முழுங்கின மாத்திரையோட கணக்கைப் பாத்தா நான் பாறுக்கு ஆகாத பொணம். உங்கம்மாயி சொல்றா, உசிரோட இருக்கறப்பவும் நீ ஆருக்கு ஆனேன்னு.

சட்டம் போட்டாங்களே, அதுல ஒண்ணும் குறையில்லைன்னு நினைக்காதே. 2006ல மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிக்கக் கூடாதுன்னு டெல்லியில உத்தரவு வந்துச்சு. நம்ம ஆளு தடுக்கு போட்டா கோலத்துல நுழைவான். மாட்டுக்குத்தானே கூடாது, மனுசனுக்குக் கூடுமே! மனுசனுக்குன்னு லேபிள் ஒட்டி 30 மில்லி குப்பியில கடை கடையா வந்துச்சு. ஒரு மனுசனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி போட்டுக்கற மனுசன் எந்த ஊர்ல இருக்கான்னு நானும் தேடிப் பாத்தேன். புளியம்பட்டி சந்தைக்குப் போனப்பத்தான் கண்டுபிடிச்சேன்: நாலு காலு, ரெண்டு கொம்பு, கழுத்துல மணி. நாட்டுல ஒன்பது வருசம் இந்த முப்பது மில்லி மனுசன் நிம்மதியா நடமாடினான். 2015லதான் மனுச ஊசி 3 மில்லிக்கு மேல ஒரே குப்பியில வரக்கூடாதுன்னாங்க. அதுக்கும் நம்ம ஆளு அசரலை. அசெக்லோஃபினாக்னு ஒண்ணு, மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் அது டைக்ளோஃபினாக்காவே மாறிக்கும். ஆளு அதேதான், சட்டை மட்டும் வேற. கீட்டோபுரோஃபென்னு இன்னொண்ணு. இந்த ரெண்டையும் மாட்டுக்குத் தடை பண்ண 2023 ஆச்சு. அப்பறம் நிமசுலைடும் அந்த வரிசையில சேந்துச்சு. கழுகு வருசத்துக்கு ஒரு முட்டை போடுது, மருந்துக் கம்பெனி வருசத்துக்கு ஒரு பேரு போடுது. பந்தயம் இப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்குது.

சாமி கதைன்னா நாம அழுவோம். சீதையம்மாளைத் தூக்கிக்கிட்டுப் போனப்ப மறிச்சு நின்ன ஒரே ஆளு சடாயு. ராமரே மகன் முறைக்கு நின்னு அவருக்குக் காரியம் பண்ணினார்னு கேட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கறோம். கதை முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி மாட்டுக்கு அந்த ஊசியைப் போடறோம். திருக்கழுக்குன்றத்துல உச்சி வேளையில ரெண்டு கழுகு மலைக்கு வரும், பொங்கலை வாங்கித் தின்னுட்டுப் போகும். அதைப் பாக்கவே சனம் ஏறும். மஞ்சள்முகப் பாறுன்னு சொல்ற சாதி அது. 1990களோட வரத்து நின்னு போச்சு. கலி முத்திருச்சு, அதான் வரலைன்னு சொல்லிக்கறாங்க. கலி பூராவும் குப்பியில அடைச்சு மருந்துக்கடை அலமாரியில நிக்குது, அதை ஆரு போயிச் சொல்றது?

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதே. காப்பாத்தற மனசு உங்களுக்கெல்லாம் நெம்ப இருக்குது, ஆனா மூஞ்சி பாத்துத்தான் வருது. புலின்னா 1973லயே திட்டம் போட்டாச்சு. உன் பனியன்லயே புலி படம் இருக்குதே. பாறுக்கு மொட்டைத் தலை, சுருங்கின கழுத்து, தின்னறது பொணம். அதை எந்தப் புள்ளை பனியன்ல போட்டுக்கும்? பொண்ணு பாக்கப் போறப்ப நீ பாக்கற பார்வையை மிருகத்து மேலயும் பாத்தா எப்படி? அழகா இருக்கறதுக்குப் பணமும், அழுக்கெடுக்கறதுக்கு ஊசியும்.

உடனே நெஞ்சை நிமித்திக்கிட்டு நான் காப்பாத்தறேன்னு கிளம்பிராதே. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வருது. வூட்டுக்குத் தீ வெச்சவன் தண்ணிக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து மாலை கேக்கறதுக்குப் பேரு காப்பாத்தறதா? அரியானாவுல பிஞ்சோர்ங்கற ஊர்ல 2001ல இருந்து பாறுகளைக் கூண்டுல வெச்சு வளக்கறாங்க. அவங்க பண்றது பெரிய காரியம், நான் இல்லைங்கலை. ஆனா ஒரு குஞ்சு பொரிஞ்சு, வளந்து, சோடி சேந்து முட்டை போட அஞ்சு வருசம் ஆகுது. வெளிய விட்டா முதல் பந்தியிலயே ஊசி போட்ட மாடு கிடந்தா அஞ்சு வருசமும் போச்சு. விடறதுக்கு முந்தி ஊரைச் சுத்தம் பண்ணணும். அதுதான் மலிவு, அதுதான் ஆருக்கும் புடிக்காத சோலி, ஏன்னா அதுல போட்டோ எடுக்க ஒண்ணுமில்லை.

நம்ம பக்கத்துல மிச்சமிருக்கறது மாயாத்துப் பள்ளத்தாக்குல. முதுமலையில இருந்து சத்தியமங்கலம் காடு வரைக்கும், ஆத்தோரத்து நீர்மருத மரத்துல வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. மலைப்பாறைச் சந்துல கருங்கழுத்துப் பாறு. சிவத்த தலையோட செந்தலைப் பாறும் அங்கொண்ணு இங்கொண்ணு. மூணு மாநிலக்காரங்களும் சேந்து எண்ணிப் பாத்தாலும் சில நூறுதான் தேறுது. தெக்கத்தி நாட்டுல இதுதான் பெரிய கூட்டம். 2022ல நம்ம கவர்மெண்டு பாறுக்குன்னே ஒரு குழுவும் போட்டுச்சு. காட்டுக்குள்ள தானாச் செத்த மானையும் காட்டெருமையையும் புதைக்காம அப்படியே விட்டுடறாங்க. அது நல்ல ரோசனை. புதைக்கறதுக்கு ஜேசிபி வாடகையும் மிச்சம்.

ஆனா ஊசி ஒண்ணுதான் வில்லன்னு நினைச்சுக்காதே. சிறுத்தை மாட்டை அடிச்சுருச்சுன்னு வெச்சுக்க. மாட்டுக்காரன் நட்ட ஈட்டுக்கு மனுக் குடுத்துட்டு நடக்கறான், நடக்கறான், செருப்புத் தேயுது. இன்னிக்குப் போ, நாளைக்கு வாங்கறாங்க. வவுத்தெரிச்சல்ல, சிறுத்தை தின்னது போக மிச்சமிருக்கற செத்த மாட்டு மேல குருணைப் பூச்சிமருந்தைத் தூவிடறான். சிறுத்தை வருமோ வராதோ, பாறு பந்திக்கு வந்துரும். அவனை ஜெயில்ல போடணும்னு நீ சொல்லுவே. போடுங்க, வேண்டாங்கலை. அதுக்கு முந்தி அவன் காசை அவன் கையில குடுத்துருங்க. பாறுக் கூட்டத்தை அழிக்கறதுல தாமதமா வர்ற காசுக்கும் பங்கிருக்குது, அதை ஒரு கூட்டத்துலயும் மைக்குல சொல்ல மாட்டேங்கறாங்க. நான் எந்திரிச்சுச் சொன்னேன். எனக்கு ரெண்டாவது வடை வரலை.

ஆக, உன் கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். தானா அழியற ஒண்ணை மனுசன் புடிச்சு நிறுத்தணுமாங்கறது பெரிய கேள்வி, அதைப் படிச்சவங்க பேசிக்கட்டும். நாம கையால கொல்லறதை நிறுத்தறதுக்கு ஒரு தத்துவமும் தேவையில்லை. கருணைன்னு அதுக்குப் பேரு வெக்காதே. நாய்க்கடி ஊசிக்கு ஆசுபத்திரி வாசல்ல நிக்கற சனத்துக்கு அது கடனடைக்கறது.

நோம்பிக்கு நீ வர்றப்ப கேமராவும் ட்ரோனும் தூக்கிக்கிட்டு மாயாத்துக் கூட்டுப் பக்கம் போகாதே. கூடு கட்டற காலத்துல ஆளு அரவம் கேட்டா இருக்கற ஒத்தை முட்டையும் போயிரும். அதுக்குப் பதிலா ஒரு சோலி பண்ணு. உங்கொப்பன் மாட்டுக்கு மருந்து வாங்கப் போறப்ப கூடப் போ. மெலாக்சிகம், டோல்ஃபினமிக் ஆசிட், இந்த ரெண்டும் பாறுக்கு ஆகும்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க. பேரை ஒரு சீட்டுல எழுதி உங்கொப்பன் சட்டைப் பையில வெச்சு விடு. மாட்டு டாக்டர்கிட்டக் கேட்டு அதையே வாங்கு. கடைக்காரன் மனுச ஊசியை எடுத்து நீட்டினா, எந்த மனுசனுக்குன்னு சத்தமாக் கேளு.