ஜீர்ண வாகன விசாரம்

எந்தச் சாஸ்திர நூலைத் தொடங்குகிறவனும் அதன் விஷயம் இன்னது, பிரயோஜனம் இன்னது, இரண்டுக்குமுள்ள சம்பந்தம் இன்னது, அதைக் கற்பதற்குரிய அதிகாரி இன்னான் என்று நான்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்த மரபாதலால், அடியேனும் அம்மரபைக் கைக்கொள்கிறேன். விஷயம், வயது முதிர்ந்த மோட்டார் வண்டியைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்பது. அதிகாரி, அத்தகைய வண்டி ஒன்றை வாசலில் நிறுத்திக்கொண்டு, காலையில் அது கிளம்புமோ கிளம்பாதோ என்ற சிந்தனையில் கைக் காபியை ஆறவிட்டவன். புது வண்டிக்காரர்களும் வண்டியே இல்லாத பாக்கியவான்களும் இதைப் படிப்பதில் தடையில்லை. ஆனால் அவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றும். சம்பந்தம், எனக்கும் வண்டிக்கும் முப்பது வருஷமாக இருந்து வருகிறது. பிரயோஜனத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் நிற்கும் 1981-ஆம் வருஷத்து மார்க் 4 அம்பாசடர். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று பிறந்து, கடல் கடந்து வந்து வங்காளத்து உத்தரபாராவில் நாமகரணம் பெற்று, 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரையில் மூக்கையும் முழியையும் சற்றே திருத்திக்கொண்டதன்றி வேறு பெரிய மாறுதலுக்கு இடங்கொடாமல், மந்திரிகளையும் மணமக்களையும் பிரசவத்துக்குப் போகும் பெண்களையும் ஒரே நிதானத்தோடு சுமந்த ஜாதி அது. உற்பத்தி நின்ற மூன்றாம் வருஷம், 2017-ல், அம்பாசடர் என்ற பெயரைப் பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ நிறுவனத்தார் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். வேதாந்திகள் பிரபஞ்சத்தை நாமம் என்றும் ரூபம் என்றும் பகுப்பார்கள். நாமத்துக்கு 80 கோடி கிடைத்துவிட்டது. ரூபம் என்னிடம் இருக்கிறது. அதற்கு 80 ஆயிரம் கொடுக்கவும் ஆள் இல்லை. பகவானைக் காட்டிலும் அவன் நாமமே பெரிது என்று ஸ்தாபித்த போதேந்திர சுவாமிகளின் அதிஷ்டானம் இருக்கும் கோவிந்தபுரம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே போகும் வழியில் இந்த ரூபம் இரண்டு தடவை நின்றுபோயிற்று.

முதலில் நோயின் தன்மையை நிர்ணயிக்க வேண்டும். ஆயுர்வேத ஆசிரியர்கள் வியாதிகளைச் சுலபமாகத் தீருவது, பிரயாசைப்பட்டால் தீருவது, தீராதது என்று வகுத்ததோடு நில்லாமல், யாப்பியம் என்று ஒரு வகையையும் கண்டு சொன்னார்கள். சாய்ந்த வீட்டுக்கு முட்டுக் கொடுத்தாற்போல, மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் வரையில் நோயாளி நடமாடுவான். மருந்தை நிறுத்தினால் படுத்துவிடுவான். பழைய வண்டிக்கு வரும் வியாதிகளில் பெரும்பான்மை யாப்பியமே. இதை அறியாத பாமரன் மெக்கானிக்கைப் பார்த்து, “சரியாயிடுமா பாய்?” என்று கேட்கிறான். அவரோ சரியாகும் என்றும் சொல்வதில்லை, ஆகாது என்றும் சொல்வதில்லை. கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, “ஓட்டலாம் சார்” என்கிறார். சரகர் ஒரு அத்தியாயத்தில் சொன்னதை இந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்ட அவருடைய ஞானத்தை நான் நீண்ட காலம் உணராதிருந்தேன்.

நோயை அறிய உதவும் பிரமாணங்களில் தலையாயது அனுமானம். மலையின் மேல் புகையைக் கண்டு அங்கே தீ உண்டென்று ஊகிப்பதே நம் தர்க்க நூல்களில் வழிவழியாக வரும் உதாரணம். ஆனால் இத்தனை நூற்றாண்டுகளாக அந்தப் புகையைக் கட்டிக்கொண்டு மாரடித்த நையாயிகர்களில் ஒருவராவது அதன் நிறம் என்ன என்று கேட்டதாக நான் அறியேன். எங்கள் பாய் கேட்கிறார். கரும்புகையானால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். நீலப் புகையானால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடங்காத வெண்புகையானால், ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அப்பொழுது ஆயில் பார்க்கும் கம்பியை உருவினால் அதன் நுனியில் எங்கள் ஊர் டிகிரி காப்பியின் நிறத்தில் நுரை படிந்திருக்கும். முதலாவது நூறுகளில் முடியும்; மூன்றாவது ஆயிரங்களில்; இரண்டாவது, அதாவது நீலம், குடும்பத்தில் கலந்து பேசிச் செய்ய வேண்டிய காரியம். என் வண்டியின் புகை நீலம்.

இங்கே ஒரு தத்துவ ஆக்ஷேபம் எழுகிறது. பழுது பார்ப்பதா, விற்பதா என்ற கேள்விக்கு முன்னால், பழுது பார்க்கப்படுவது எது, விற்கப்படுவது எது என்று தெரிய வேண்டாமா? யவன ராஜனாகிய மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்ஷுவைக் காண ரதத்தில் வந்தபோது, அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகத்தடி ரதமா என்று பிக்ஷு ஒவ்வொன்றாகக் கேட்க, ராஜன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லி, முடிவில் ரதம் என்பது இவற்றின் சேர்க்கைக்கு உலகம் இட்ட வழக்குச் சொல்லே என்று ஒப்புக்கொண்டதாகப் பாலி நூல் சொல்கிறது. என் வண்டியின் இஞ்சின், பிரித்துப் போட்ட டாக்ஸி ஒன்றிலிருந்து வந்தது. முன்கதவுகள் இரண்டும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கி லாரியில் ஏற்றி வந்தவை. பின் ஆசனத்தின் கீழுள்ள தகடு, துருவேறி ரோடு தெரியத் தொடங்கியபின், டிங்கரிங் செய்து வேறு போட்டது. பிறந்த நாள் முதல் மாறாதிருப்பவை ஸ்டியரிங்கில் உள்ள ஒரு விரிசலும், சிகரெட் பிடிக்காத எனக்கு ஒருநாளும் பயன்படாத சாம்பல் கிண்ணமுமே. அப்படியானால் 1981-ஆம் வருஷத்து வண்டி எங்கே இருக்கிறது?

பௌத்தரும் நையாயிகரும் நூற்றாண்டுகளாக வாதிட்டும் முடிவு காணாத இந்தச் சிக்கலை மோட்டார் வாகன இலாகா ஒரு பென்சிலால் தீர்த்துவிட்டது. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, அது ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்திருந்தால் வண்டி அதே வண்டி. இஞ்சின் மாறலாம், வர்ணம் மாறலாம், உடையவனும் மாறலாம். எழுதிக் கொடுத்தால் இலாகா எல்லாவற்றையும் ஏற்கும். மாறாத ஆத்ம வஸ்து சேஸிஸ் எண் ஒன்றே. தாராசுரத்துக் கல்வெட்டுக்களை மைப்படி எடுத்த சாசன ஆராய்ச்சியாளர்களுக்குச் சற்றும் குறையாத பக்தியோடு இந்தச் சடங்கு நடைபெறுவதைப் பதிவு தொடங்கிப் பதினைந்து வருஷம் கழிந்த பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தரிசிக்கலாம். 600 ரூபாயாக இருந்த தரிசனக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று.

இனிப் பழுது பார்க்கும் பக்ஷம். கோயில் திருப்பணிக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். அதற்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் என்ற தற்காலிக சந்நிதிக்கு மாற்றுவார்கள். வண்டி ஒர்க்ஷாப்பில் இருந்த நாற்பத்திரண்டு நாளும் என் பாலாலயம் டவுன் பஸ். சிலிண்டர் தேய்ந்தால் அதை ரீபோர் செய்து, ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்ததில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பருமன் கூடிய பிஸ்டன்களைப் போட்டுக்கொண்டே போகலாம். நாற்பதுக்கு மேல் சுவர் தாங்காது. அப்பொழுது உள்ளே ஸ்லீவ் இறக்கினால், சிலிண்டர் தன் முதல் அளவுக்கே திரும்பிப் பால்யத்தை அடைகிறது. மார்க்கண்டேயனுக்குக்கூட நின்ற வயதுதான் கிடைத்தது. திரும்பிய வயது கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வித்தை உலகத்தில் இருக்கும்போது விற்பதைப் பற்றிப் பேசுவது நாஸ்திகமென்று எனக்குப் பட்டதில் வியப்பில்லை.

விற்கும் பக்ஷத்தை நிலைநாட்டியவர் வங்கியில் வேலை பார்க்கும் என் மைத்துனர். “அத்தான், போன காசு போனதுதான். அதைக் கணக்குல சேர்க்காம, இனிமே ஆகப்போற செலவை மட்டும் பாருங்க” என்றார். பொருளாதார சாஸ்திரப்படி இதில் குற்றம் காண முடியாது. ஆனால் அந்தச் சாஸ்திரம் மொய் எழுதுகிற தேசத்தில் எழுதப்பட்டதன்று. நாம் ஒரு வீட்டில் மொய் எழுதிவிட்டால், அது போன காசு என்று எண்ணுவதில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வரும்வரை நோட்டைப் பத்திரமாக வைத்திருப்போம். வண்டிக்கு நான் எழுதிய மொய் மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அது திருப்பிச் செய்யும் நாள் வருவதற்குள் உறவை முறித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி இந்த வாதத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “விசேஷம் என்னைக்குன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு காலம் விசாரித்ததில் எனக்குச் சித்தித்த சூத்திரம் ஒன்று உண்டு: ஓடுங்கால் விற்பார் இலர்; நிற்குங்கால் கொள்வார் இலர். ஓடுதலாவது, பிறர் தோளுதவியின்றித் தானே கிளம்பித் தானே போதல். நான்கு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் உறுமிக் கிளம்புவது ஓடுதலா, நிற்றலா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. தள்ளியவர் ஒரு கட்சி, உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஒரு கட்சி. ஒர்க்ஷாப்பிலிருந்து புதிதாய் வந்து, தாராசுரம் வரையில் தாலாட்டு மாதிரிப் போய் வந்த மாலையில், இதையா விற்பது என்று உடையவன் நெஞ்சு நெகிழ்கிறான். பத்து நாள் கழித்து அது சந்தையின் நடுவில் நின்றுவிட்டால், அன்றே விற்றுவிடத் துணிகிறான். அன்று வாங்குகிறவன் காயலான் கடைக்காரன் ஒருவனே, அவனும் தராசோடு வருகிறான். ஆகவே பகலுமில்லாத இரவுமில்லாத அந்தி வேளையில் நரசிம்மம் இரணியனைப் பிடித்ததுபோல, ஓடுவதும் நிற்பதுமல்லாத ஒரு சந்தியில்தான் வண்டியை விற்க முடியும்.

அந்தச் சந்தியைப் பிடிக்க நான் முயலாமல் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் தரகர் ஒருவர் ஆளோடு வந்தார். வந்தவர் மாட்டுக்குப் பல் பார்க்கிற நிதானத்தில் கதவைத் திறந்து சாத்தி ஓசை கேட்டார், டயரை உதைத்தார், டிக்கியைத் தூக்கி முகர்ந்தார், பிறகு வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்து, “எட்டு வருதே சார்” என்று முகத்தைச் சுளித்தார். இருந்தும் நாற்பத்தைந்துக்கு இறங்கி வந்தார். நானும் சாவியைத் திருகினேன். வண்டி, செய்நன்றி மறவாத ஜீவனாகையால், ஒரே திருகலில் கிளம்பி, புகையே இல்லாமல் வேப்ப மரத்தடியில் சங்கீதம் போல் நின்று முனகியது. “எழுபதுக்குக் குறைஞ்சு இல்லை” என்று சொன்னது என் வாய்தான். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அது அணைந்துபோயிற்று.

இறுதியாக ஓர் ஆசை மொழியையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி செய்தது. அந்தப் பட்டம் கிடைத்தால், முதுமை குற்றமாக இருந்தது போய் விருதாகிவிடும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் போனால் போதும், அன்றாடம் ரோட்டில் ஓடவே கூடாது. என் வண்டியின் சுபாவத்துக்கு இவ்வளவு பொருத்தமான பதவி வேறில்லை. 2031 வரையில் காத்திருக்கலாம் என்று மகிழ்ந்து விதியின் மிச்சத்தைப் படித்தபோது, சேஸிஸ், உடற்கூடு, இஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக் கூடாது என்றிருந்தது. ஐம்பதாம் வயதை நோக்கி அதை உயிரோடு இழுத்துச் செல்லும் ஒவ்வொரு ரிப்பேரும், ஐம்பதாம் வயதுக்குரிய மரியாதையிலிருந்து அதை ஒரு முழம் விலக்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் பின்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று எழுதி ஒட்டிய காகிதம் வெயிலில் வெளுத்து, இப்பொழுது ‘விற்’ மட்டுமே தெரிகிறது. அதையும் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், சென்ற வாரம் ஸ்லீவ் வேலைக்கு விட்ட இடத்திலேயே பாயிடம் யோசனை கேட்டேன். அவர் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “காயிதம் வேணாம் சார். ரேடியம் ஸ்டிக்கரா வெட்டி ஒட்டிடலாம், அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை” என்றார். நல்ல சிவப்பாகப் பார்த்து ஒட்டச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.