மூன்றாம் மாடி ஸ்வீட்டி

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ராட்வைலரின் பெயர் ஸ்வீட்டி. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் உறுமல் வரும், பிறகு ஸ்வீட்டி, கடைசியாக வாரில் இழுபட்டபடி உரிமையாளர். "அது ஒண்ணும் பண்ணாது சார்" என்பார். பேப்பர் போடும் பையனின் பேன்ட் கிழிந்த அன்று வாசகத்தில் சிறு திருத்தம்: "இதுவரைக்கும் இப்படிப் பண்ணினதே இல்ல சார்."

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் வரம்பு. ஸ்வீட்டி கச்சேரியைத் தொடங்குவதே பத்தரைக்குத்தான்.

சங்கக் கூட்டத்தில் நாய்க்குத் தடை கோரித் தீர்மானம் வந்தது. குரைப்பதைக் காரணம் காட்டித் தடை விதிக்கக் கூடாது என்ற விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலை உரிமையாளர் லேமினேட் செய்தே கொண்டு வந்திருந்தார். உடனே வக்கீல் மாமா பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவை எடுத்தார்: வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலத்த கைதட்டல். "சரி, புகாரில் யார் கையெழுத்துப் போடுறது?" என்றார். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப் வந்துவிட்டது. நாளைக்கும் அதே லிஃப்டில்தானே போக வேண்டும்!

பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கும் நாய் இரவில் பின் என்ன பாடும்? தினம் ஒரு மணி நேரம் நடக்கவிட்டால் அதுவே தூங்கிவிடும் என்றேன். உரிமையாளர் நெகிழ்ந்து போனார்.

"எங்க சார் நேரம்? நீங்கதான் ரிட்டயர்ட் ஆயிட்டீங்களே, சாயங்காலம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்."