மலையோரம் குரல், இடவோரம் தரவு: வி-லேன் குறித்த ஓர் ஆராய்ச்சி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கால் வைப்பவருக்கு மூத்தவர்கள் சொல்லித் தரும் முதல் விதி, "இடப்பக்கமாவே நட" என்பது. பாதை 14 கிலோமீட்டர். நடக்கும் தூரம் முழுவதும் மலை வலக்கைப் பக்கமே இருக்கும். மலையை ஒட்டிய பாதி சித்தர்களும் தேவர்களும் வலம் வருவதற்கு, வெளிப்பாதி மனிதருக்கு. நடுவில் சுவரோ கயிறோ கிடையாது. சாலை ஒன்று, தார் ஒன்று, வழி மட்டும் இரண்டு. இடவோரத்தில் செருப்பில்லாமல் நடப்பவர் கண்ணுக்கு மலையோரத்தில் போகிறவர்கள் தெரிவதில்லை.

இதே ஏற்பாட்டைத்தான் ஐஇஇஇ என்னும் பொறியாளர் சங்கம் 1998ல் 802.1க்யூ என்ற எண்ணிட்டு ஒரு தரநிலையாக வெளியிட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சங்கத்தார் யாரும் அதற்கு முன் அடி அண்ணாமலைப் பக்கம் வந்துபோனதற்குச் சான்றில்லை. சான்றில்லை என்பதற்காகக் கருதுகோளைக் கைவிடும் வழக்கம் நம் ஆராய்ச்சி உலகில் இல்லையாதலால் மேலே செல்லலாம்.

முதலில் சொற்பொருள். இங்கே 'ஸ்விட்ச்' என்பது விளக்குப் போடுவதன்று. அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய பீரோவின் தலைமேலோ, சுவரில் தொங்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள்ளோ, 24 அல்லது 48 ஓட்டைகளோடு பச்சைக் கண் சிமிட்டிக்கொண்டிருக்குமே, அது. ஓட்டைக்குப் 'போர்ட்' என்று பெயர். 'வி-லேன்' என்பது அந்த ஒரே பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பல பெட்டிகளை உண்டாக்கும் வித்தை. வேகமாகச் சொன்னால் சினிமா வில்லனைப் போலவே ஒலிக்கும். மேலாளர்கள் பலர் முதல் கூட்டத்தில் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். பல வி-லேன்களைச் சேர்த்துச் சுமந்து ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பு 'ட்ரங்க்'. தபாலாபீசில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு இந்தச் சொல் அந்நியமாக இராது.

அந்தத் தலைமுறையில் குரல்தான் ராஜா. 1960ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தபோதும், பின்னர் மஞ்சள் பலகை பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தபோதும், பேசும் இருவருக்கென்று ஒரு வழி முழுதாக ஒதுக்கப்பட்டது. இருவரும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாலும் வழி அவர்களுடையதே, மீட்டரும் ஓடும். கணினி வந்தபிறகு நிலைமை மாறியது. குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, பொட்டலம் கட்டி, எக்செல் கோப்புகளும் பிரிண்டர் வேலைகளும் போகும் அதே கம்பியில் அனுப்பலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வி-லேனின் மூலவர் என்று போற்றப்படும் டேவிட் சின்காஸ்கி, 1980களின் தொடக்கத்தில், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் குரலை அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தவர். 1984ல் பெல்கோர் ஆய்வகத்துக்குப் போனபின், ஈதர்நெட்டைப் பெரிதாக்குவது எப்படி என்று யோசிக்கப்போய் இந்தப் பிரிவினையை அடைந்தார். ஆக, குரலைத் தரவோடு சேர்த்து வைக்கப் பார்த்தவரின் கையிலிருந்தே இரண்டையும் பிரிக்கும் கருவியும் பிறந்தது. சம்பந்தம் பேசியவரே பாகப்பிரிவினைக்கும் பஞ்சாயத்துச் செய்த கதை.

பிரிவினையின் இலக்கணம் தமிழருக்குப் புதிதன்று. குரல் உயிர், தரவு மெய் என்று கொள்க. இன்றைய அலுவலக மேசையில் சுவரிலிருந்து ஒரே கம்பி ஃபோனுக்கு வருகிறது. ஃபோனின் முதுகில் உள்ள இரண்டாவது ஓட்டையிலிருந்து கணினிக்குப் போகிறது. எனவே சுவர்க் கம்பியில் ஓடுவது உயிர்மெய். 'கோ' என்ற எழுத்தில் ககரம் தன் உருவில் நிற்க, ஓகாரம் முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக அடையாளம் தரித்து வருகிறதல்லவா? சுவர்க் கம்பியிலும் அதே விதி. கணினியின் தரவு அடையாளம் எதுவுமின்றிப் போகிறது. குரல்தான் நான்கு பைட் அளவுள்ள ஒரு குறியை நெற்றியில் இட்டுக்கொண்டு போகிறது. அகர உயிருக்கு மட்டும் தனிக்குறி இல்லையே என்று இலக்கணப் புலவர் ஆட்சேபிக்கலாம். குறியிடாமல் ட்ரங்கில் போகும் 'நேட்டிவ் வி-லேன்' என்று ஒன்று இருப்பதை அவருக்குச் சுட்டிக்காட்டினால் அடங்கிவிடுவார்.

அந்த நான்கு பைட்டுக்குள் வரிசை எண்ணுக்கு 12 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்குப்படி 4096 எண்கள். முதலும் கடைசியும் விலக்கு என்பதால் 4094. அறுபத்து மூவருக்கும் ஆளுக்கொரு வி-லேன் கொடுத்தாலும் 4031 மிஞ்சும். இத்தனை செல்வம் இருந்தும் தரவுக்கு 10, குரலுக்கு 20 என்று வைப்பதற்கு மேல் நம் நெட்வொர்க் பையன்களின் கற்பனை போவதில்லை. இன்னொரு மூன்று பிட் முன்னுரிமைக்கு. அதனால் எட்டுப் படிகள். கிரிவலப் பாதையிலும் இந்திரன் தொடங்கி ஈசானியம் வரை லிங்கங்கள் எட்டு. இந்த ஒற்றுமையை வைத்துக் கோட்பாடு எழுப்பும் ஆசையை ஆய்வாளர் மிகுந்த சிரமத்தோடு அடக்கிக்கொண்டார். குரலுக்கு வழக்கமாகத் தருவது ஐந்தாம் படி என்பதையும், ஐந்தாம் லிங்கம் வருணன் என்பதையும் மட்டும் பதிவு செய்துவிட்டு நகர்கிறார்.

குரலையும் தரவையும் ஏன் பிரிக்க வேண்டும்? இரண்டின் நடை வேறு.

ஜி.711 என்ற முறையில் குரல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம், அதாவது விநாடிக்கு 50, ஒவ்வொன்றும் 160 பைட் குரலோடு, கூடவே முகவரிச் சுமையோடு, தாளம் தப்பாமல் போகும். மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரு திசையில் 9000 பொட்டலம். தரவோ சந்தைக்குப் போகும் கூட்டம். திடீரென்று திரளும், திடீரென்று ஓயும். வழியில் ஒன்று தொலைந்தால் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும்; அரை விநாடி பிந்தினாலும் எக்செல் கோபித்துக்கொள்ளாது. குரலில் தொலைந்தது தொலைந்ததுதான். தமிழில் இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் நம் எதிர்மறை சொல்லின் நடுவயிற்றில் இருக்கிறது. "பணம் கட்டாதீங்க" என்பதில் பத்துப் பொட்டலம் போனால், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போனால், எதிர்முனையில் கேட்பது "பணம் கட்...ங்க". அதற்குப் பிறகு நடப்பதற்கு நெட்வொர்க் பொறுப்பேற்காது.

தாமதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வாயிலிருந்து மறு காதுக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று உபசரித்துக்கொண்டே இருப்பார்கள். திருவண்ணாமலை போன்ற மரியாதை மிகுந்த ஊர்களில் இது முடிவதே இல்லை.

இங்கே நேர்மையான ஆய்வாளர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய ஜிகாபிட் ஸ்விட்சில் 1500 பைட் பொட்டலம் ஒன்று கடக்க 12 மைக்ரோ விநாடி போதும். அந்த அகலப் பாதையில் ஃபோனுக்கு நெரிசல் என்று சொல்வது, மார்கழி மாதத்து நண்பகலில் கிரிவலப் பாதையில் நெரிசல் என்று சொல்வதைப் போல. அலுவலகத்துக்குள் வி-லேன் பிரிப்பதற்கு வேகம் காரணமே இல்லை. காரணங்கள் வேறு, அவ்வளவு கம்பீரமில்லாதவை. 150 கணினியும் 150 ஃபோனும் உள்ள இடத்தில், வழக்கமான ஒரு வலைக்கு உள்ள 254 முகவரியில் எல்லாரும் அடங்கமாட்டார்கள். கணினி ஒன்றில் வைரஸ் புகுந்தால் அது ஃபோன்களின் கதவைத் தட்டாமலிருக்க ஒரு வேலி வேண்டும். இன்னொன்று, கூச்சல். ஒரே வலையில் இருப்பவர்கள், ஒருவருக்கான கேள்வியைக்கூட ஊர் முழுக்கக் கூவித்தான் கேட்பார்கள். தீபத் திருவிழாவில் ஒலிபெருக்கி, "செய்யாறிலிருந்து வந்த பாட்டி எங்கிருந்தாலும் வரவும்" என்று அறிவிக்கும்போது அத்தனை லட்சம் பேரும் ஒரு கணம் நின்று, தான் செய்யாறு பாட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு நடக்கிறார்களே, ஈதர்நெட்டில் அதற்குப் 'பிராட்காஸ்ட்' என்று பெயர். வி-லேன் பிரித்தால் கணினிகளின் கூச்சல் ஃபோன்களின் காதில் விழாது.

அப்படியானால் வேகப் பிரச்சினை எங்கே? வரிசைகள் கூடும் இடத்தில்.

அண்ணாமலையார் கோயிலில் பொது வரிசை ஒன்று, கட்டண வரிசை ஒன்று. ராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க் கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம் என்று நாலு திசையிலும் வாசல்கள். ஆனால் எல்லாரும் வந்து சேர்வது ஒரே கருவறை முன். வெளியே கம்பித் தடுப்பு எவ்வளவு அழகாகப் போட்டாலும், உள்ளே நின்று "நகருங்க, நகருங்க" என்பவர் எந்த வரிசையிலிருந்து எத்தனை பேரை விடுகிறார் என்பதில்தான் தரிசனம் இருக்கிறது. நெட்வொர்க்கில் அந்த 'நகருங்க' ஆசாமியின் பெயர் க்யூ.ஓ.எஸ். வி-லேன் வரிசையைப் பிரிக்கும், முந்தவிடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, வி-லேன் போட்டதோடு பில் எழுதிவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

வரிசைகள் கூடும் இடத்துக்கு அரசாங்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 1989 செப்டம்பர் 30ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து, திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்ற பெயரோடு பிறந்தது இம்மாவட்டம். மாவட்டம் பிரித்தாலும் கோப்பு சென்னைக்குப் போயாக வேண்டுமே. 2005 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்த 'ஸ்வான்' என்னும் மாநில விரிபரப்பு வலையமைப்புத் திட்டம், தலைநகரையும் மாவட்டங்களையும் வட்டாரங்களையும் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைப்பது. தரவு, குரல், காணொளி மூன்றும் அதே வழியில். தமிழகத்தில் அதை நடத்துவது மாநில அரசின் எல்காட் நிறுவனம். இப்போது கணக்குப் போடலாம். 2 எம்பிபிஎஸ் வழியில் 1500 பைட் பொட்டலம் ஒன்று ஏற 6 மில்லி விநாடி. அத்தகைய 25 பொட்டலம் முன்னால் நின்றாலே 150 மில்லி விநாடி முழுதும் தீர்ந்தது. யாரோ ஒருவர் 5 எம்பி ஸ்கேன் நகலை அனுப்பினால் அது 20 விநாடிக்கு அந்த வழியை அடைத்துக்கொள்ளும். வேறொன்றுமே ஓடாவிட்டாலும் அதில் இருபது சொச்சம் பேர்தான் ஒரே நேரத்தில் பேச முடியும். இத்தகைய இடுக்கில்தான் நெற்றிக்குறியைப் பார்த்துக் குரலை முன்னே விடும் காவலர் தேவை. எத்தனை பேர் பேச எத்தனை வழி வேண்டும் என்ற கணக்கை டென்மார்க்கின் எர்லாங் 1909லேயே தொடங்கிவிட்டார். கிரிவலத்துக்கு எத்தனை சிறப்புப் பேருந்து என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே கணக்கைப் போடுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியவேண்டிய அவசியமில்லை.

இனி ஆய்வின் இருண்ட பகுதி. ஃபோனின் முதுகில் இரண்டு ஓட்டை என்றோமல்லவா? வேலூர் சாலைப் பக்கம் ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்வோம். ஒட்டடை அடிக்க மேசையை நகர்த்துகிறார்கள். திரும்பப் போடும்போது கணினிக்குப் போகவேண்டிய கம்பியையும் சுவரிலேயே சொருகிவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் அலுவலகமே ஸ்தம்பிக்கிறது. பைக்கில் வந்து இறங்கிய நெட்வொர்க் பையன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறான்.

"அண்ணே, இதை யாருண்ணே இங்க சொருகுனது?"

"சும்மாதானே தம்பி தொங்குச்சு. அந்த ஓட்டையும் சும்மாதானே இருந்துச்சு."

நடந்தது இதுதான். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் எல்லை கிடையாது. ஐ.பி. பொட்டலத்துக்கு உண்டு, ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் உயிரை விடும். ஸ்விட்சுக்குள் சுற்றும் பொட்டலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வட்டம் மூடிவிட்டால் ஒரு கூவல் சுற்றிச் சுற்றி, சுற்றுந்தோறும் பெருகி, ஈசானியத்தைத் தாண்டியதும் மறுபடி இந்திர லிங்கத்தில் ஆரம்பிக்கும், யாராவது கம்பியைப் பிடுங்கும்வரை. இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985ல் 'ஸ்பானிங் ட்ரீ' என்னும் முறையைத் தந்தார். வட்டம் தென்பட்டால் ஏதாவது ஒரு வழியை ஸ்விட்சே அடைத்துவிடும். அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் ஒரு கவிதையையும் சேர்த்திருந்தார் என்பது, ஆய்வுக் கட்டுரையில் விளையாடக் கூடாது என்போர் கவனத்துக்கு. நம் கதையில் ஸ்பானிங் ட்ரீ 'ஆஃப்' செய்து வைக்கப்பட்டிருந்தது. "சீக்கிரம் கனெக்ட் ஆகமாட்டேங்குதுன்னு யாரோ எடுத்து விட்டிருக்காங்கண்ணே."

ஒழுங்காக அமைந்த இடத்தில் நடக்கும் சடங்கு பார்க்க அழகானது. ஃபோன் கண்விழித்ததும் தான் ஃபோன் என்று ஸ்விட்சிடம் சொல்லும். ஸ்விட்ச், "உன் வரிசை 20, உன் படி ஐந்து" என்று பதில் சொல்லும். 2006ல் வெளியான எல்.எல்.டி.பி.-மெட் என்ற தரநிலை இந்த உரையாடலுக்கு இலக்கணம் வகுத்தது. ஃபோன் குறியை இட்டுக்கொண்டு, 20ஆம் தெருவில் போய்த் தனக்கொரு முகவரி கேட்டு வாங்கும். மின்சாரமும் அதே கம்பியில் வந்துவிடுவதால், ஸ்விட்சுக்கு யு.பி.எஸ். இருந்தால் கரண்ட் போனாலும் ஃபோன் சாகாது. தனித் தெரு, தனிப் படி, தனிச் சோறு. அலுவலகத்தில் மேலாளருக்கும் இத்தனை வசதி இல்லை.

நினைத்துக்கொண்ட அலுவலகத்துக்கு ஆயுத பூஜையன்று ஒருமுறை போய்ப் பார்த்தால், அந்த ஃபோன் சந்தனம் குங்குமத்தோடு, காதில் ஒரு சாமந்தி செருகி, மேசை ஓரத்தில் இருக்கிறது. கணக்குப் பிரிவுக்காரர் ஜன்னலோரம் நிற்கிறார், வைஃபையில் வாட்ஸ்அப் காலோடு. அது போவது 10ஆம் எண் தெருவில், தரவுகளோடு தரவாக, ஊரார் அனுப்பும் பூஜை வாழ்த்துப் படங்களுக்கு நடுவே, நெற்றியில் குறியின்றி.

"ஹலோ... சார்... விட்டு விட்டுக் கேக்குது சார். பணம் கட்டவா, வேணாமா?"