சுவர்க்கத்து வாசலும் சிங்கப்பூர் வாசலும்

கேள்வி: சிங்கப்பூரில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. என் இரண்டு ராஜபாளையத்து நாய்களும் உடன் வருகின்றன. வாடகை வீடு கிடைக்குமா, ஐயா? (வாசகர், மாரிகுப்பம்)

பதில்: ராஜ்யத்தைத் துறந்து, மனைவியையும் தம்பியரையும் வழியிலேயே பறிகொடுத்து, ஒற்றை நாயோடு சுவர்க்கத்தின் வாசலில் போய் நின்ற தருமபுத்திரருக்கே, நாயை விட்டு வந்தால்தான் பிரவேசம் என்று தேவேந்திரன் நிபந்தனை விதித்தானென்றால், இரண்டோடு புறப்படும் தங்களுடைய தைரியத்தை என்னென்பது! சிங்கப்பூர் ஜனங்களில் பெரும்பாலோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். அவற்றில் வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் கழகம் அங்கீகரித்த சிறு ஜாதியாக இருக்கவேண்டும். தங்களுடையதோ நின்றால் மேஜை உயரம். தனியார் வீடுகளில் மூன்று வரை சட்டம் சம்மதிக்கும். பிறகு வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும். வாடகையைக் கேட்டபின் தாங்களும் சம்மதிக்கவேண்டும்.

கேள்வி: அப்படியானால் இரண்டையும் மாரிகுப்பத்திலேயே விட்டுவிட்டுப் போகட்டுமா?

பதில்: 2001-இல் அவ்வூர்த் தங்கச் சுரங்கத்தை மூடியவர்கள் அங்கே விட்டுச் சென்றவை போதாவா?