தொப்புளுக்கு நேராக ஒரு நாடா

டோக்கியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் "எலும்பும் தோலுமாப் போயிட்டியேடா" என்று கண் கலங்கினாய். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் இந்த ஊர்க்காரர்கள் என்னைத் தொப்பைக்காரன் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜப்பானில் 2008-லிருந்து ஒரு நடைமுறை. 40 வயது முதல் 74 வரை உள்ளவர்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் பரிசோதனையில் இடுப்பையும் அளக்கிறார்கள். இடுப்பு என்றால் நம் பஜார் டெய்லர் பேன்ட்டுக்கு அளக்கிற இடம் இல்லை. தொப்புளுக்கு நேராக நாடாவை வைத்து, மெதுவாக மூச்சை விடச் சொல்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது எல்லாம் அந்த ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. ஆண்கள் 85 சென்டிமீட்டரைத் தொட்டாலே மாட்டிக்கொள்வார்கள். எனக்கு 88. பெண்களுக்கு 90 வரை விட்டுவைக்கிறார்கள். அந்தச் சலுகையை எனக்கும் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அபராதம், தண்டனை எதுவும் கிடையாது, பயப்படாதே. தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிடக் குடலைச் சுற்றிச் சேருவதுதான் ஆபத்தாம். அதனால்தான் முகம் ஒட்டியிருந்தாலும் இவர்கள் ஏமாறுவதில்லை. நீ முகத்தைப் பார்க்கிறாய், இவர்கள் வயிற்றைப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 100-ஐத் தாண்டி 104-இல் நின்றது. ஆக, ஊட்டச்சத்து ஆலோசகர் அம்மா ஒருவர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மத்தியானம் ஒனிகிரி என்றேன். கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை அது, நீ பிசைந்து கையில் வைப்பாயே, அந்த மாதிரி இரண்டு கவளம் இருக்கும். உறையிலேயே கலோரி அச்சிட்டிருக்கும். ஒன்று 180 வாக்கில் வரும். அவருக்குத் திருப்தி. ராத்திரி டிவி பார்க்கும்போது? அங்கேதான் வாயைவிட்டேன். "சாத்தூர்க் காராச்சேவு."

அதற்கு ஜப்பான் மொழியில் வார்த்தை ஏது? கடலை மாவு, மிளகாய், எண்ணெயில் பொரித்தது என்று விளக்கினேன். எத்தனை கலோரி என்றார். நீ அனுப்பும் பொட்டலத்தில் கடைக்காரர் பெயரே கிடையாது, கலோரிக்கு எங்கே போவது! அவரே கணக்குப் போட்டார்: மாவு கிராமுக்கு 4, எண்ணெய் கிராமுக்கு 9, 100 கிராம் காராச்சேவு 500-க்குக் குறையாது. நான் தின்பது நூறு கிராமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் இரண்டு கிலோ, இரண்டு சென்டிமீட்டர் குறைத்தால் போதுமாம். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,000 கலோரி என்றால் இரண்டு கிலோவுக்கு 14,000. நாளுக்கு 80 கலோரிகூட வரவில்லை. காராச்சேவில் சொன்னால் 15 கிராம், அரைக் கைப்பிடி! இதற்கா இவ்வளவு பெரிய கூட்டம் போட்டார்கள் என்று தோன்றியது.

வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுந்துவிடு என்று இங்கே ஒரு பழமொழி உண்டு, 'ஹரா ஹாச்சி பு'. உன் பந்தியில் எட்டாவது பங்குக்குத்தான் ரசமே வரும்.

அடுத்த பார்சலில் காராச்சேவு ஒரு கிலோவுக்குப் பதில் முக்கால் கிலோ அனுப்பு, போதும். ஒரேயடியாக நிறுத்திவிடாதே, அம்மா.

உன் அன்பு மகன்